கழற்றி வைத்த லீவர்

அந்த லீவரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரிந்துகொண்டு, இவன் என்ன பெரிய யோக்கியனா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். என் கடைக்கும் பக்கத்து லேத்துப் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே இரும்பைக் கடைந்தால் இங்கே மேசையில் என் கத்தரிக்கோல் நகரும். பட்டறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. பட்டறைக்காரருடைய மனைவி என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். அந்த முறையில் அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். பத்து வருஷமாக ஒரே டீக்கடை, ஒரே கரண்ட் கட், தீராத வாய்ச்சண்டை.

தங்கச்சிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேபுக்கு வர முடியாத வயசாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவாள். காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் ஒன்பது வீடு. அத்தனை பேரும் முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி. இவள் போய் ஊசி குத்திய பிறகுதான் ஒரு வாய் டீ. நரம்பு பிடிபடாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். "அந்தப் பொண்ணு வந்தாத்தான் கையை நீட்டுவேன்" என்று அடம்பிடிக்கிற பெரியவர்கள் நாலைந்து பேர் உண்டு. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால்வரை இரும்புப் பட்டை கட்டி, ஊன்றுகோலோடு நடப்பாள். நடப்பாள் என்றால், என்னைவிட வேகமாக நடப்பாள். பஸ் படிதான் அவளுக்கு ஆகாது.

அதனால்தான் கார் வாங்கினார்கள். கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, புத்தம் புதுசு. பிரேக்கையும் வேகத்தையும் காலுக்குப் பதில் கையாலேயே பார்த்துக்கொள்ள ஒரு லீவர் வேண்டும், அதை மாப்பிள்ளையே செய்தார். கடையில் விற்கிறது அவள் கை நீளத்துக்கு ஒத்துவரவில்லை. மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பதினேழு நாள் அதையே கடைந்தார், அறுத்தார், அரத்தால் ராவினார். அவளைச் சீட்டில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். கை போய் நின்ற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார். பிடி அங்கேதான் வந்தது. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். வண்டியில் ஓர் ஓட்டை போடவில்லை, ஒரு ஒயரை வெட்டவில்லை. இரண்டு பெடலின் தண்டிலும் வளையம் போட்டு மூன்று நட்டில் இறுக்கியதோடு சரி. பிடிக்குத் தோல் உறை நான் தைத்தேன். போக்குவரத்து ஆபீசில் ஓட்டிப் பார்த்து, வண்டிப் புத்தகத்தில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அப்படிச் சட்டப்படி சுத்தமாக இருந்த ஒன்றைத்தான் நாங்கள் இரண்டு புத்திசாலிகள் கொண்டுபோய் ஒளித்தோம்.

எட்டாம் மாதம் வண்டி உதற ஆரம்பித்தது. கியர் தானாக மாறுகிற நேரத்தில் ஒரு இடி இடிக்கும்.

"பின்னாலேருந்து யாரோ முட்டுற மாதிரி இருக்குங்க" என்றாள் தங்கச்சி. "பொட்டியில ட்யூபெல்லாம் குலுங்குது. நேத்து ரெண்டு ரத்தம் வீணாப்போச்சு. திரும்பப் போய்க் குத்துனேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே."

"வாரண்டி ரெண்டு வருஷம் இருக்கில்ல? கொண்டுபோய் விட்டுட வேண்டியதுதான்" என்றார் மாப்பிள்ளை.

நான் டீயைக் குடித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"லீவரோட கொண்டுபோகாதீங்க மாப்ள" என்றேன். "என் கஸ்டமர் ஒருத்தர் வெளிக்கடையில பாட்டு செட்டு மாட்டுனாரு. அப்புறம் விளக்கு எரியலன்னு போனா, வெளியாளு கை வெச்ச வண்டிக்கு வாரண்டி இல்லன்னு கையை விரிச்சிட்டாங்க."

"அவரு ஒயரை வெட்டி மாட்டியிருப்பாரு. விளக்கு போயிருக்கும். இதுக்குத்தான் முத்திரை இருக்கே அண்ணே."

"முத்திரை கவர்மென்ட்டுக்கு. இவங்க கம்பெனி. எதுக்கு வீண் வம்பு? மூணு நட்டு. கழட்டுனா ஆச்சு, வந்து மாட்டுனா ஆச்சு."

மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "மச்சான் சொல்றதும் சரிதான். அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல நம்ம பட்டறைச் சாமானைப் பார்த்தா சிரிப்பானுங்க" என்றார்.

எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஊரில் யார் கொண்டுவந்த தண்டையும் கண்ணாலேயே அளந்து சொல்லுகிற மனுஷன், கழுத்துப்பட்டி கட்டிய ஆளைக் கண்டால் இரண்டு அங்குலம் குறுகிப்போவார்.

"சிரிச்சா சிரிக்கட்டும். அது இல்லாம நான் எப்படி ஓட்டுறது?"

"நான் ஓட்டிட்டுப் போறேன். நீ இன்னைக்கு ஆட்டோல போ."

"எனக்கு இது பிடிக்கல. சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை லீவரைக் கழற்றிப் பழைய சாக்கில் சுற்றி, இரும்புத் துண்டுகளுக்கு அடியில் வைத்தார்.

மாப்பிள்ளைக்கு இரும்பு ஏற்றிவர ஒரு பழைய வேன் உண்டு. கிளட்ச் போட்டு, கியர் மாற்றி, இடுப்பு ஒடிய ஓட்டுகிற வண்டி. இருபது வருஷமாக அதுதான் ஓட்டுகிறார். தங்கச்சியின் காரை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓட்டினார். பின்சீட்டில் நான். மண்டையைப் பிளக்கிற வெயில். மேம்பாலத்துக்குக் கீழே வண்டி ஊர்ந்து ஊர்ந்து போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாதி வழியிலேயே ரப்பர் கருகுகிற மாதிரி வாடை வந்தது.

"பார்த்தியா மச்சான், கியர்பாக்ஸு தீயுது. எட்டு மாசத்துல" என்றார்.

"இதுக்குப் பேரு புது வண்டி" என்றேன் நான். வழிநெடுகக் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டிக்கொண்டே போனோம். வாசலில் போய் நின்றபோது வண்டி அசைய மறுத்தது. நாலு பேர் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

அங்கே எங்களுக்கு வாய்த்தவன் டை கட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள். பேச்சு தேனாக ஒழுகும். இரண்டு மணி நேரம் கழித்து செல்போனோடு வந்தான்.

"சார், பெடல்ல ஏதாவது மாட்டியிருந்தீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லையே" என்றார் மாப்பிள்ளை.

அவன் போட்டோவைக் காட்டினான். இரண்டு தண்டிலும் வளையம் இருந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளை கழுத்துவரை வேர்த்துப்போனார். அந்தத் தடத்தைப் பார்த்தே என்ன அளவு வளையம் என்று சொல்லக்கூடிய மனுஷன், "பழைய தடமா இருக்கும் தம்பி" என்றார்.

"புது வண்டியில பழைய தடம் எப்படி சார் வரும்? கியர்பாக்ஸுக்குள்ள பிளேட்டெல்லாம் கருகியிருக்கு. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒண்ணா அமுக்கி ஓட்டுனாத்தான் இப்படிக் கருகும். நீங்க மாட்டியிருந்த சாமான்தான் ரெண்டையும் சேர்த்து அமுக்கியிருக்கு. வெளியில செஞ்ச வேலையால வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது சார். அதை மறைச்சு வேற கொண்டுவந்திருக்கீங்க."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கச்சி எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வண்டி அவள் பேரில் இருப்பதால் கம்பெனியிலிருந்து லேபுக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்களாம்.

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசுறேன்" என்றாள். ஆனால் அப்போதே பேசினாள். "நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட? ஒண்ணும் மாட்டலன்னா?"

"வாய் தவறி வந்துருச்சு."

"வாய் தவறி இல்லைங்க. உங்களுக்கு வெக்கம். பதினேழு நாள் தூங்காம செஞ்சீங்க. ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனீங்க. டை கட்டுன ஒருத்தன் கேட்டதும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்க. அது வேற என்னங்க? அது என் காலு. என் காலைக் கழட்டிச் சாக்குல சுத்தித் திருட்டுச் சாமான் மாதிரி வெச்சிருக்கீங்க."

"தங்கச்சி, தப்பு என் மேலதான்" என்றேன்.

"தெரியும் அண்ணே. உங்களை விட்டுருவேன்னு நினைக்காதீங்க. இவருக்கு முடிச்சிட்டு உங்ககிட்ட வர்றேன்."

வந்தாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். எனக்கும் கடை, கஸ்டமர் என்று கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

தினமும் ஒன்பது வீட்டுக்கு ஆட்டோ கட்டுப்படியாகாது என்று மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். பட்டையைப் படியில் தூக்கிவைப்பதற்குள் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். எட்டரைக்கு முடிகிற வீடுகள் பத்தரைக்கு இழுத்தன. மூன்றாம் நாள், கடைசி வீட்டுப் பெரியவர் வெறும் வயிற்றோடு காத்திருந்து காத்திருந்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர். தங்கச்சிதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அவர் பிழைத்துக்கொண்டார். லேப் பொறுப்பாளர் இவளைக் கூப்பிட்டு, "இந்த வாரம் பார்க்கிறேன். வண்டி வரலன்னா ரவுண்டுக்கு வேற ஆளைப் போட்டுருவேன். நீ உள்ள உக்காந்து ட்யூபுக்குச் சீட்டு ஒட்டு" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் வீடு வீடாகப் போனவளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை.

அன்றைக்குச் சாயங்காலம் வாரண்டிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் வரவே பயந்துகொண்டு பட்டறையில் வெறும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனாள். சாக்கில் இருந்த லீவரை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அட்டைக்காரன் எழுந்து நின்றான். "மேடம், நீங்க எதுக்குச் சிரமப்பட்டு..."

"நான் சிரமப்படல. இதான் நீங்க கேட்ட சாமான். பாருங்க. முன்னால தள்ளுனா பிரேக்கு, பின்னால இழுத்தா வேகம். ஒரே தண்டு. என் கை ஒரே நேரத்துல முன்னாலயும் போயி பின்னாலயும் வருமா?"

"மேடம், கம்பெனி ரூல் என்னன்னா, வண்டியில மாற்றம் பண்ணிட்டா..."

"உங்க புத்தகத்தைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். மாத்துனாலே வாரண்டி போயிரும்னு அதுல எங்கயும் இல்ல. அந்த மாற்றம் பழுதை உண்டாக்கியிருந்தா, அந்தப் பழுதுக்குத் தரமாட்டோம்னுதான் இருக்கு. இதுதான் பழுதாக்குச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எப்படிப் பழுதாக்குச்சுன்னும் எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்ல மேடம்."

"வாயால சொல்ற வழக்கம் மட்டும் இருக்கா? ரத்தம் எடுத்துட்டு உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு நான் வாயால சொன்னா நம்புவீங்களா? பேப்பர் கேப்பீங்கல்ல?"

நடுக்கூடத்தில் புதுக் கார் வாங்க வருகிறவர்கள் உட்காரும் சோபாவில் போய் உட்கார்ந்தாள். லீவரை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று தடவை காபி வந்தது, தொடவில்லை. வருகிறவர்களெல்லாம், "அது என்னங்க?" என்று கேட்டார்கள். அத்தனை பேருக்கும் சலிக்காமல் விளக்கினாள். மத்தியானத்துக்குள் இரண்டு குடும்பம் வண்டியைப் பார்க்காமலேயே திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் உள்ளே யாரோ மேலாபீசுக்குப் போன் பண்ணினார்கள். வியாழக்கிழமை இன்ஜினியர் வந்து பார்ப்பார், வண்டியை அதுவரைக்கும் யாரும் தொட மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

"என்ன அண்ணே, வாயடைச்சுப் போச்சு?" என்று ஆட்டோவில் கேட்டாள்.

"பயமா இருக்கு தங்கச்சி."

"அப்பவே பயந்திருக்கணும்" என்றாள்.

வியாழக்கிழமை மழை. மாப்பிள்ளை வரமாட்டேன் என்றார். "நீங்க செஞ்சதை நானே எத்தனை நாள் தூக்கிக்கிட்டு அலையுறது? வாங்க" என்றாள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் கிரீஸ் மட்டும் எப்போதும்போல இருந்தது.

இன்ஜினியர் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். அட்டைக்காரன் நீட்டிய நாற்காலியில் உட்காராமல் நேரே வண்டிக்குப் போனார். லீவரைக் கையில் வாங்கி எடை பார்த்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அங்கேயே மாட்டச் சொன்னார். மாப்பிள்ளை குனிந்து மூன்று நட்டையும் இறுக்கினார். அந்தம்மா அதை முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"இவருதான்" என்றாள் தங்கச்சி.

"கம்பெனிச் சாமான் இவ்வளவு சுத்தமா இருக்காது" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா வண்டியில் ஒரு ஒயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தார். "பெடல் எப்ப எப்ப அமுங்குச்சுன்னு வண்டி தானே எழுதி வெச்சிருக்கும். பார்த்துருவோம்."

தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"எட்டு மாசத்துல ரெண்டு பெடலும் ஒண்ணா அமுங்குனது ஒரு தடவைகூட இல்ல. இந்த வண்டியை இதைவிடச் சுத்தமா யாரும் ஓட்ட முடியாது. முதல்ல வந்த உதறல் எங்க கியர்பாக்ஸ் வால்வுல இருக்கிற குறை. அது எங்க பொறுப்பு, மாத்திக் குடுக்கணும்." அட்டைக்காரனைப் பார்த்தார். "இதை நீ பார்க்கலையா?"

அவன் தரையைப் பார்த்தான். ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்திருந்த தங்கச்சியின் விரல்கள் தளர்ந்தன.

"ஆனா ஒரே ஒரு நாள்..." என்று அந்தம்மா திரையைக் கிட்டத்தில் இழுத்தார். "கடைசி நாள். ஒன்றரை மணி நேரத்துல இருநூத்திப் பன்னெண்டு தடவை ரெண்டும் ஒண்ணா அமுங்கியிருக்கு. பிளேட்டு அன்னைக்குத்தான் கருகியிருக்கு. அன்னைக்கு யாரு ஓட்டுனது?"

மாப்பிள்ளையின் இடது கால் இருபது வருஷமாகக் கிளட்ச் மிதித்த கால். கிளட்ச் இல்லாத வண்டியில் அது சும்மா இருந்திருக்குமா? அங்கே தட்டுப்பட்ட பிரேக்கின்மேல் வழி முழுக்க ஏறி உட்கார்ந்திருக்கிறது. வண்டியைத் தீய்த்தது நாங்கள். கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டே தீய்த்திருக்கிறோம்.

அட்டைக்காரன், தான் முதலில் சொன்னது பொய்யாகாமல் இருக்க ஒரு வழி சொன்னான். "மேடம், சுலபமா முடிச்சிரலாம். அன்னைக்கும் லீவர் இருந்துச்சு, அது சிக்கிக்கிச்சுன்னு சார் எழுதிக் குடுக்கட்டும். வெளிச் சாமானால வந்த பழுதுன்னு கணக்கை முடிச்சிட்டு, இந்த ஒரு தடவை சலுகையா மொத்தத்தையும் இலவசமா மாத்தச் சொல்லி மேல அனுமதி வாங்கிடறேன். இனிமே லீவர் மாட்ட மாட்டோம்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"இல்லன்னா?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னா உள்ளதை எழுதுவேன்" என்றார் இன்ஜினியரம்மா. "லீவர் மேல தப்பில்ல, அது வண்டியிலயே இருக்கலாம், மத்த வாரண்டியும் அப்படியே தொடரும்னு எழுதுவேன். வால்வை நாங்க மாத்துவோம். தப்பா ஓட்டிக் கருகின பிளேட்டு மட்டும் உங்க செலவு. நான் ரெண்டு நாள்ல வண்டியைக் குடுக்கச் சொல்றேன்."

மாப்பிள்ளை தங்கச்சியைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது, ஏனென்றால் என் மனதிலும் அதேதான் ஓடியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று நட்டு. நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, நீங்க பேசாதீங்க" என்றாள் தங்கச்சி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவங்க கேட்டது இவரை. இவரே சொல்லட்டும்."

மாப்பிள்ளை கையைத் துடைக்கத் துணி தேடினார். துணி இல்லை. சட்டையிலேயே துடைத்தார்.

"நான்தான் மேடம் ஓட்டுனேன்" என்றார். "லீவர் அன்னைக்கு வண்டியில இல்ல. கழட்டி ஒளிச்சு வெச்சேன். இதைப் பார்த்துச் சிரிப்பீங்கன்னு ஒளிச்சு வெச்சேன். ஒண்ணும் மாட்டலன்னு இந்தத் தம்பிகிட்டப் பொய்யும் சொன்னேன். லீவர் மேல ஒரு குத்தமும் இல்ல, அதை நல்லா அழுத்தி எழுதுங்க." குனிந்து பெடலைக் காட்டினார். "எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு மேடம். அதான் வண்டி போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அந்தம்மா அவர் சொன்னதை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் எழுதணுமாம்மா?"

"எழுதுங்க" என்றாள் தங்கச்சி. "அதானே காரணம்."